மார்க் இறங்கும்போது போதைப் பழக்கத்தை எப்போது சந்தேகிப்பது? ஆசிரியர்களுக்கான குறிப்புக்கு உதவி தேவை (இணைய உரையாடல்; ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

கரும்பலகை:

13 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களின் வகுப்பாசிரியர்களுக்காக இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். தேடினால் கிடைக்கும் பட்டியல்கள் எல்லாம் "கண் சிவந்திருக்கும், நண்பர்கள் மாறுவார்கள், எரிச்சல் வரும், மார்க் குறையும்" என்பதோடு நின்றுவிடுகின்றன. இது எந்தப் பதின்ம வயதுப் பிள்ளைக்கும் பொருந்திவிடும். இதை நம்பி ஓர் ஆசிரியர் அடி எடுத்து வைத்தால், தவறான பிள்ளைமேல் பழி விழும். உதவி தேவைப்படுகிற பிள்ளை கண்ணில் படாமல் போய்விடும்.

எனக்குத் தெளிவு வேண்டியது இவைதான். மார்க் பட்டியலிலும் வருகைப் பதிவேட்டிலும் முதலில் மாறுவது எது? போதையால் படிப்பு சரிகிறதா, படிப்பு சரிந்த பிறகு போதை வருகிறதா? சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டைகளை மொத்தமாக வாங்கி வைக்கலாம் என்று நிர்வாகத் தரப்பில் யோசனை சொல்கிறார்கள், அது சரியா? நிறுத்திய பிள்ளைக்குப் படிக்கும் திறன் எத்தனை நாளில் திரும்பும், அதுவரை பாடத்தை எப்படித் திட்டமிடுவது?

கஞ்சா, வேப் (மின்சிகரெட்), மது, பசை, மாத்திரை என எல்லாவற்றையும் மனதில் வைத்தே கேட்கிறேன். பொதுவான அறிவுரை வேண்டாம், ஆசிரியர் நாளை காலை செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

இரண்டாம் பீரியட்:

முதல் கேள்விக்கு என் பதில். மொத்த மார்க்கைப் பார்க்காதீர்கள், அது கடைசியில்தான் விழும். ஏற்கெனவே படித்து வைத்தது சில மாதங்களுக்குப் பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கும். முதலில் அடி வாங்குவது புதிதாகக் கற்கும் திறன். கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையின் ஹிப்போகாம்பஸிலும் முன்மூளைப் புறணியிலும் ஏராளம். முதலாவது, இன்று கேட்ட பாடத்தை நினைவாக மாற்றும் இடம். இரண்டாவது, ஒரு கணக்கின் மூன்றாம் படியைப் போடும்போது முதல் படியின் விடையை மனதில் பிடித்து வைத்திருக்கும் இடம். இருபது வயது தாண்டியும் வளர்ச்சி முடியாத பகுதியும் அதுவே.

அதனால் பல படிகள் உள்ள பாடங்கள் முதலில் சறுக்கும்: கணக்கு, இயற்பியல், வேதியியல் சமன்பாடுகள். மொழிப்பாடமும் கட்டுரையும் பின்னால்தான். ஒரே விடைத்தாளுக்குள்ளும் இது தெரியும். ஒரு மார்க் கேள்விகள் சரியாக இருக்கும். ஐந்து மார்க் கணக்கில் முதல் இரண்டு படி சரி, நடுவில் எண்ணை மாற்றி எழுதியிருப்பார், பிறகு அப்படியே விட்டிருப்பார். கடைசி மூன்று தேர்வுத் தாள்களை வரிசையாகப் பரப்பிவைத்துப் பாருங்கள். எந்த அத்தியாயத்திலிருந்து விடைகள் பாதியில் நிற்கத் தொடங்கின என்று தேதியே சொல்லிவிடலாம். தூக்கம் கெட்டாலும், பதற்றம் இருந்தாலும் இதே வடிவம் வரும் என்பதை மறக்க வேண்டாம். தாள் சொல்வது "எப்போதிலிருந்து" என்பதைத்தான். "ஏன்" என்பதைச் சொல்லாது.

அடுத்து கடிகாரம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நேர ஓட்டம் உண்டு.

நிகோடினின் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் பாதியாகக் குறையும் நேரம், சுமார் 2 மணி. பழகிய பிள்ளை இடைவேளை முடிந்து வந்ததும் நன்றாக இருப்பார். ஒன்றரை பீரியட் தாண்டியதும் காலை ஆட்டுவது, பேனாவைத் தட்டுவது, கழிப்பறைக்கு அனுமதி கேட்பது தொடங்கும். கவனம் சிதறுவது வேப்பை இழுத்ததால் என்று நினைப்போம். உண்மையில் அந்த நேரத்தில் நடப்பது விலகல் தவிப்பு, அதாவது பழகிய பொருள் உடலில் குறைவதால் வரும் தவிப்பு. 5 சதவீத நிகோடின் கொண்ட 0.7 மில்லி பாட் (வேப்பில் மாட்டும் திரவக் குப்பி) ஒன்றில் ஏறக்குறைய 40 மில்லிகிராம் நிகோடின் இருக்கிறது. உப்பு வடிவில் இருப்பதால் தொண்டை எரியாது. எனவே புதிதாகத் தொடங்கும் பிள்ளையும் ஆழமாக இழுத்துவிடும், பழக்கமும் வேகமாக ஒட்டிக்கொள்ளும்.

கஞ்சாவைப் புகைத்தால் சில நிமிடத்தில் ஏறி இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் இறங்கும். தின்பண்டமாகச் சாப்பிட்டால் ஏறவே அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும், ஆறேழு மணி நேரம் நிற்கும். ஆகவே வீட்டிலிருந்து கிளம்பும்போது சாப்பிட்ட பிள்ளை முதல் பீரியடில் இயல்பாக இருந்து, மூன்றாம் பீரியடில் தடுமாறுவார். "காலையில் நல்லாத்தானே இருந்தான்" என்று ஆசிரியர் காய்ச்சலைச் சந்தேகிப்பார்.

மது பெரும்பாலும் வார இறுதி விஷயம். இரவின் பிற்பாதித் தூக்கத்தை அது கலைத்துவிடும், படித்தது நினைவில் படிவதும் கெடும். திங்கட்கிழமைத் தேர்வுகள் மட்டும் தொடர்ந்து சரிந்தால் கவனியுங்கள். பசை, தின்னர், ஒயிட்னர் வகையில் போதை நிமிடக் கணக்குத்தான். இடைவேளை முடிந்து வந்ததும் குளறல், தள்ளாட்டம், அரை மணியில் தலைவலி. உதட்டைச் சுற்றியும் மூக்கின் கீழும் சொறி போன்ற தடிப்பு, சட்டைக் கையில் வேதிப்பொருள் வாடை, கறை. வலிநிவாரண ஓபியாய்டு மாத்திரைகளில் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், தலை தொங்கித் தொங்கி நிமிரும். ஊக்க மருந்துகளில் கண்மணி விரிந்திருக்கும், மதிய உணவு அப்படியே திரும்பும்.

பதிவேட்டில் முழுநாள் விடுப்பைத் தேடாதீர்கள். முதல் பீரியட் தாமதமும் மதிய உணவுக்குப் பின் காணாமல் போவதும்தான் முந்தி வரும். நான்கு வாரத்துக்கு பீரியட் வாரியாக வருகை, கழிப்பறை அனுமதி, சமர்ப்பிக்காத வீட்டுப்பாடம் மூன்றையும் ஒரே தாளில் கட்டம் போட்டு எழுதினால் வடிவம் தானாக வெளியே வரும். ஒரு வாரக் குறிப்பை வைத்து எதுவும் முடிவு செய்யக் கூடாது.

சந்தேகத்தைச் சொல்வதற்கு முன் மற்ற காரணங்களைக் கழித்துவிடுங்கள். 13 முதல் 18 வயதுக்குத் தேவை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று கேட்டாலே பாதி வழக்கு அங்கே முடிந்துவிடும். பார்வைக் குறை, இரத்தச்சோகை, மனச்சோர்வு, கேலி வதை, வீட்டில் பிரிவு. இன்னொன்றும் உண்டு, பலர் தவறவிடுவது: சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு எதுவும் நடக்காததுபோல் பேச்சைத் தொடரும் வெறித்தநிலை வலிப்பு. இதைப் போதை மயக்கம் என்று நினைத்துத் தண்டித்துவிட்டால் அதைவிடக் கொடுமை இல்லை. நாளுக்குப் பல முறை, ஒவ்வொன்றும் சில நொடி என்றால் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

தரவுப்பித்து:

இரண்டாவது கேள்வி, எது முன் எது பின். அம்பு இரண்டு பக்கமும் பாய்கிறது என்பதுதான் நேர்மையான பதில். அதற்குமேல் என்ன தெரியும் என்று பார்ப்போம்.

நியூசிலாந்தின் டுனேடினில் 1972, 1973 ஆண்டுகளில் பிறந்த 1,037 பேரைப் பிறப்பிலிருந்து தொடர்ந்த ஆய்வு இருக்கிறது. 13 வயதிலும் 38 வயதிலும் நுண்ணறிவுத் தேர்வு வைத்தார்கள். பதின்ம வயதிலேயே கஞ்சா தொடங்கி விடாமல் தொடர்ந்தவர்களுக்கு சராசரியாக 8 புள்ளி வரை இறங்கியிருந்தது. 2012இல் வந்த இந்த முடிவைத்தான் எல்லாப் பிரசாரத் தாள்களும் மேற்கோள் காட்டுகின்றன. ஆனால் 2016இல் அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையரை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. கஞ்சா பயன்படுத்திய இரட்டையரையும் பயன்படுத்தாத உடன்பிறப்பையும் ஒப்பிட்டால், சரிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது அந்த வீடு, அந்தச் சூழல், அந்த மரபு ஆகியவற்றின் பங்கு பெரிது.

நுண்ணறிவை விட்டுவிட்டு படிப்பை மட்டும் பார்த்தால் சான்று இன்னும் உறுதி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் மூன்று நெடுங்கால ஆய்வுகளைச் சேர்த்து 2014இல் வெளிவந்த அலசலில், 17 வயதுக்கு முன் தினமும் கஞ்சா பயன்படுத்தியவர்கள் பள்ளிப்படிப்பை முடிக்கும் வாய்ப்பு விகிதம், பயன்படுத்தாதவர்களோடு ஒப்பிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைவு. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் ஓர் இயற்கைச் சோதனையே நடந்தது. 2011இல் சில வெளிநாட்டவருக்கு மட்டும் கஞ்சாக் கடைகளில் அனுமதி மறுக்கப்பட்டது. அப்படி அனுமதி மறுக்கப்பட்ட நாட்டு மாணவர்களின் பல்கலைக்கழக மதிப்பெண் உயர்ந்தது, எண் சார்ந்த பாடங்களில் உயர்வு அதிகம். மாணவர்களில் யார் பயன்படுத்துபவர் என்று தேர்ந்தெடுத்து ஒப்பிடாமல், கடைக்குள் போக முடியுமா முடியாதா என்ற ஒன்றை வைத்தே ஒப்பிட்டதால் இந்த ஆய்வுக்கு எடை கூடுதல். மேலே இரண்டாம் பீரியட் சொன்ன "கணக்கு முதலில் சறுக்கும்" என்பதோடும் இது பொருந்துகிறது.

என் கருத்து: குறிப்பில் "மூளை அழிந்துவிடும்" என்று எழுதாதீர்கள். அது சான்றைத் தாண்டிய பேச்சு. தன் நண்பன் நன்றாகவே படிப்பதைப் பார்க்கும் பிள்ளை அடுத்த வரியையும் நம்பாது. "நாலு நாள் பாடம் தலையில் ஏறாது, அஞ்சாம் நாள் பாடம் அந்த நாலு நாள்மேல் நிற்கும்" என்று சொன்னால் நம்பும். பள்ளியில் நடக்கும் சேதம் பெரும்பாலும் இந்தப் படிக்கட்டுக் கணக்குத்தான்.

திரும்பும் அம்பையும் ஆசிரியர்கள் பார்க்க வேண்டும். தொடக்க வகுப்பிலேயே வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை, வகுப்பில் மதிப்பு இல்லாமல், மதிப்புக் கிடைக்கும் கூட்டத்தைத் தேடிப் போவதும் உண்டு. சந்தேகம் வந்த தேதிக்கு இரண்டாண்டு முந்திய மார்க் பட்டியலை எடுங்கள். சரிவு அப்போதே தொடங்கியிருந்தால் போதையை மட்டும் நிறுத்தி எதுவும் மாறாது. வாசிப்புப் பயிற்சியும் அதே வாரம் தொடங்க வேண்டும்.

திறன் திரும்புவது பற்றி: பதின்ம வயதினர், இளைஞர் குறித்த 69 ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு அலசலில், கஞ்சாவால் வரும் அறிவாற்றல் குறைவு சராசரியாகச் சிறியது. 72 மணி நேரத்துக்கு மேல் விட்டிருந்தவர்களிடம் அந்த வேறுபாடு கணக்கில் கொள்ளும் அளவில் இல்லை. அதே ஆண்டு 16 முதல் 25 வயதுள்ள 88 பேரிடம் ஒரு மாத நிறுத்தத்தைச் சோதித்தார்கள். நினைவாற்றல் முன்னேறியது, அதுவும் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே. கவனத்தில் அப்படி முன்னேற்றம் தெரியவில்லை. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லலாம். பயமுறுத்துவதைவிட இதுதான் கையில் பிடிக்கக் கிடைக்கிற கயிறு.

ஆய்வுக்கூட மேசை:

பட்டைகளை வாங்க வேண்டாம். காரணங்களைச் சொல்லிவிடுகிறேன், நிர்வாகத்திடம் அப்படியே காட்டலாம்.

ஐந்து அல்லது பத்து வகை பார்க்கும் சாதாரணப் பட்டை, அதில் அச்சிட்ட வகைகளை மட்டுமே பிடிக்கும். பசை, தின்னர் பிடிபடாது. செயற்கைக் கஞ்சா பிடிபடாது. நிகோடினுக்கு, அது உடலில் மாறி உருவாகும் கோட்டினினைப் பிடிக்கும் தனிப் பட்டை வேண்டும். மது சில மணி நேரத்தில் போய்விடும். பரிசோதனை உண்டு என்று தெரிந்ததும், பட்டையில் தெரியாத, அதைவிட ஆபத்தான பொருளுக்குப் பிள்ளை மாறுவது எதிர்பார்க்க வேண்டிய விளைவு.

கஞ்சாவுக்கு வழக்கமான முதற்கட்ட வரம்பு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். எப்போதாவது பயன்படுத்துபவருக்கு மூன்று நாள் அளவில் வரம்புக்குக் கீழே போய்விடும். தினமும் பயன்படுத்தியவருக்கு, கொழுப்பில் தேங்கியது மெல்ல வெளியேறுவதால், நிறுத்தி 30 நாள் கடந்தும் காட்டலாம். யோசித்துப் பாருங்கள், மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்திய பிள்ளையைப் பட்டை பொய்யன் ஆக்கிவிடும். வார இறுதியில் மட்டும் புகைத்தவர் வியாழக்கிழமை "சுத்தம்" என்று வெளியே வருவார்.

படிப்பதிலும் தவறு நடக்கும். இந்தப் பட்டைகளில் கோடு தெரிந்தால் "இல்லை", கோடு தெரியாவிட்டால்தான் "உண்டு". கர்ப்பப் பரிசோதனைப் பட்டை பார்த்துப் பழகியவர்கள் தலைகீழாகப் படிக்கிறார்கள். மங்கலான கோடும் கோடுதான், அதன் பொருள் "இல்லை". பட்டை வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு வராவிட்டால் பட்டையே செல்லாது. உறையில் போட்ட நேரம் கடந்து பார்த்தாலும் செல்லாது.

பொய்யான "உண்டு" வருவதற்கு வழிகள் பல. மூக்கடைப்பு மாத்திரையில் உள்ள சூடோஎபெட்ரின் ஆம்ஃபெட்டமின் கோட்டைக் குழப்பும். சில குயினோலோன் நுண்ணுயிர்க்கொல்லிகளும் கசகசாவும் ஓபியம் வகைக் கோட்டைக் குழப்பும். பொய்யான "இல்லை" வர, நிறையத் தண்ணீர் குடித்தாலே போதும். அதனால்தான் ஆய்வகத்தில் சிறுநீரில் இயல்பாக இருக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவைப் பார்க்கிறார்கள், டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நீர்த்தது என்று கொள்வார்கள். மாதிரி கொடுத்த நான்கு நிமிடத்துக்குள் வெப்பம் 32 முதல் 38 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். இதையெல்லாம் சரியாகச் செய்ய ஒரு பெரியவர் கழிப்பறையில் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிவரும். அங்கேயே ஆசிரியர் மாணவர் உறவு முடிந்தது.

முதற்கட்டப் பட்டையில் வந்ததை நிறநிரல்-நிறைமாலை முறையில் (பொருளைத் தனியாகப் பிரித்து அடையாளம் காணும் ஆய்வகச் சோதனை) உறுதிசெய்யாமல் யார்மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. அந்த வேலை மருத்துவமனைக்கு உரியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் 2015இல் பள்ளிகளில் பரவலாகப் பரிசோதனை நடத்துவதை எதிர்த்தே நிலைப்பாடு எடுத்தது. சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் கேட்டால் செய்யும் பரிசோதனை வேறு விஷயம். அதற்கு நான் எதிரி இல்லை.

கரும்பலகை:

பட்டை யோசனையை இத்தோடு விட்டுவிடுகிறேன், நன்றி. அப்படியானால் எஞ்சுவது பேச்சுதான். வகுப்பாசிரியர் என்ன வாக்கியத்தில் தொடங்க வேண்டும்? பள்ளி நேரத்திலேயே ஒரு பிள்ளை போதையில் இருப்பதைக் கண்டால் முதல் பத்து நிமிடம் என்ன செய்ய வேண்டும்?

பதின்மநலம்:

பத்து நிமிடத்தை முதலில் சொல்கிறேன், அது உயிர் விஷயம்.

தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை என்றால், மூச்சு மெதுவாகவோ குறட்டைபோல் இழுத்தோ வந்தால், உதடு நீலம் பூத்தால், உடனே ஆம்புலன்ஸ். ஒருவர் போன் செய்ய, ஒருவர் பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும், வாந்தி எடுத்தாலும் மூச்சுக்குழாய்க்குள் போகாது. மூச்சே இல்லை என்றால் மார்பு அழுத்தத்தையும் செயற்கை மூச்சையும் தொடங்குங்கள். ஓபியாய்டு என்று சந்தேகம் இருந்து, ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலோக்சோன் மூக்குத் தெளிப்பான் கையில் இருந்தால் ஒரு மூக்குத் துவாரத்தில் ஒரு முறை, இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றம் இல்லை என்றால் மறுமுறை. அதன் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும், மாத்திரையின் வேலை அதற்குப் பிறகும் இருக்கலாம். எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புளிப்பாக எதையாவது குடிக்க வைப்பதும், தலையில் தண்ணீர் ஊற்றுவதும், நடக்க வைப்பதும் வேண்டாம். பாட்டில், உறை, மாத்திரை அட்டை எது கிடந்தாலும் எடுத்து மருத்துவக் குழுவிடம் கொடுங்கள்.

பசை, ஏரோசால் முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்தால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். இதைக் குறிப்பில் தடித்த எழுத்தில் போடுங்கள். அந்த ஆவிகள் இதயத்தை அட்ரினலினுக்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்ட வைக்கும். திடீர்ப் பயமும் ஓட்டமும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே உயிர் போகலாம், முதல் முறை முகர்ந்த பிள்ளைக்கும் இது நேரும். மெல்ல அருகில் போய், உட்காரச் சொல்லி, சன்னலைத் திறந்து, பொருளை வாங்கி வையுங்கள்.

கஞ்சாவில் பதற்றம் முற்றிய பிள்ளைக்கு அமைதியான அறை, கூட ஒரே ஒரு பெரியவர். சாப்பிட்ட வகை என்றால் இன்னும் ஏறக்கூடும், எனவே தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னால், யாரோ தன்னைக் கண்காணிப்பதாக நம்பினால், அன்றே மருத்துவரிடம்.

அந்த நாளில் விசாரணை வேண்டாம். போதையில் இருப்பவரிடம் வாங்கும் வாக்குமூலம் எதற்கும் உதவாது.

மறுநாள் பேச்சு. தனி இடம், பதினைந்து நிமிடம், மேசைக்கு எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில். எதை ரகசியமாக வைப்பீர்கள், எதை வைக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றதை வகுப்புல பேச மாட்டேன். உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் மறைக்க முடியாது." இதைப் பாதியில் சொன்னால் துரோகமாகத் தெரியும்.

பிறகு குற்றச்சாட்டு இல்லாமல், கண்டதை மட்டும் வையுங்கள். "இந்த மூணு வாரத்துல மதியத்துக்கு மேல நாலு தடவை உன்னைக் காணோம். கணக்குத் தாள்ல பாதி பாதியா விட்டிருக்க. எனக்குக் கவலையா இருக்கு. என்ன நடக்குது?" சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பத்து நொடி மௌனம் பெரியவர்களுக்கு நீளமாகத் தெரியும். பிள்ளை வாய் திறக்க அந்த நேரம் வேண்டும்.

பயன்பாடு பற்றிக் கேட்கும்போது "எடுக்கிறியா இல்லையா" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். "கடந்த 12 மாசத்துல எத்தனை நாள்?" என்று எண்ணாகக் கேளுங்கள். பயிற்சி பெற்ற ஆலோசகர் இருந்தால், 12 முதல் 21 வயதுக்கென்று உருவாக்கிய கிராஃப்ட் (CRAFFT) என்ற போதைப் பயன்பாட்டு வினாத்தாளின் ஆறு கேள்விகளைப் பயன்படுத்தலாம். போதையில் உள்ளவர் ஓட்டிய வண்டியில் ஏறியதுண்டா, மனம் இளகவோ கூட்டத்தோடு ஒட்டவோ பயன்படுத்துகிறாரா, தனியாக இருக்கும்போதும் எடுக்கிறாரா, எடுத்த நேரத்தில் செய்தது மறந்துபோகிறதா, வீட்டாரோ நண்பர்களோ குறைக்கச் சொன்னார்களா, அதனால் சிக்கலில் மாட்டியதுண்டா. இரண்டுக்கு "ஆம்" வந்தால் விரிவான மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். "தனியாக" என்ற கேள்விக்கு ஆம் என்றால் எனக்கு மற்ற எதையும்விட அதுதான் உறுத்தும். அங்கே கூட்டத்தின் உந்துதல் இல்லை. பிள்ளை எதையோ ஆற்றிக்கொள்ளத்தான் எடுக்கிறது.

பேச்சு கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, "யார் கொடுத்தா?" என்று கேட்பது. அதோடு கதவு சாத்திவிடும். இன்னொன்று, "இனிமேல் தொடமாட்டேன்" என்று எழுதி வாங்குவது. முதல் சறுக்கலிலேயே பிள்ளை உங்களைத் தவிர்க்கத் தொடங்கும். அதற்குப் பதில், "குறைக்கணும்ங்கிற எண்ணம் பத்துக்கு எவ்வளவு இருக்கு?" என்று கேளுங்கள். மூன்று என்றால், "ஏன் ஒண்ணு இல்ல, மூணு?" என்று கேளுங்கள். அதற்குப் பிள்ளை சொல்லும் பதிலில்தான் நிறுத்துவதற்கான காரணம் அவர் வாயாலேயே வரும்.

மணிச்சத்தம்:

கடைசிக் கேள்விக்கு வாரக் கணக்காகச் சொல்றேன்.

தினமும் கஞ்சா எடுத்த பிள்ளை நிறுத்தினா, விலகல் தவிப்பு ஒன்றிலிருந்து மூணு நாளுக்குள்ள தொடங்கும், முதல் வாரத்துல உச்சம், பெரும்பாலும் ரெண்டு வாரத்துல அடங்கும். எரிச்சல், பசியின்மை, தூக்கமின்மை, பயங்கரக் கனவு. தூக்கப் பிரச்சினை ஒரு மாசத்துக்கு மேலயும் இழுக்கலாம். நிகோடின்ல ரெண்டு மூணாம் நாள் உச்சம், கவனக்குறைவு ரெண்டுலேருந்து நாலு வாரம்.

அதனால முதல் வாரம் வருகை மட்டும்தான் இலக்கு. மறுதேர்வு வைக்காதீங்க, புது அத்தியாயம் வேண்டாம். வகுப்புல உட்கார்ந்தா போதும். 15 நிமிஷம் வேலை, ரெண்டு நிமிஷம் எழுந்து நடை. நிகோடின் பிள்ளைக்குக் கழிப்பறை அனுமதிக்குப் பதிலா தண்ணி குடிச்சுட்டு வர அனுமதி, கூட ஒருத்தர். தினமும் நிறைய மது குடிச்சவங்களும் பென்சோடையசெபின் (பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தர்ற) மாத்திரை எடுத்தவங்களும் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம். அவங்களை "இன்னையோட விடு"ன்னு சொல்லாம மருத்துவர் மேற்பார்வைக்கு அனுப்பணும்.

ரெண்டாம் வாரம் ஓட்டை எங்கன்னு தேடுங்க. விட்டுப்போன ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அஞ்சு கேள்வி, மார்க் கிடையாது. ஆறு வாரப் பாடம் போயிருந்தா ஆறு வாரத்தையும் திரும்ப நடத்த முடியாது, தேவையும் இல்லை. எந்த மூணு தலைப்பு மேல அடுத்த பாடம் நிக்குதோ அதை மட்டும் எடுங்க. கணக்குல பெரும்பாலும் பின்னம், குறியெண், சமன்பாடு தீர்க்கிறது. மற்றதைத் தேர்வுக்கு முன்னாடி பார்த்துக்கலாம்.

மூணாம் வாரத்துலேருந்து புத்தகத்தை மூடிட்டு எழுதுற பயிற்சி. இன்னைக்குப் படிச்சதை நாளைக்கு, மூணாம் நாள், ஏழாம் நாள் வெறும் தாள்ல நினைவிலிருந்து எழுதணும். திரும்பத் திரும்ப வாசிக்கிறது பலன் குறைவு, தெரிஞ்ச மாதிரி ஒரு மயக்கம்தான் தரும். நாலாம் வாரம் ஒரு சின்னத் தேர்வு, நிச்சயம் பாஸ் ஆகக்கூடியதா. எல்லாப் பாடத்தையும் ஒரே நேரத்துல தூக்கி நிறுத்தப் பார்த்தா எல்லாமே விழும். ரெண்டு பாடம் முதல்ல.

இடைநீக்கம் பத்தியும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பள்ளிகளை ஒப்பிட்ட ஆய்வுல, போதைக்கு இடைநீக்கம் செய்யற கொள்கை இருந்த பள்ளி மாணவர்கள் அடுத்த ஆண்டு கஞ்சா எடுக்க வாய்ப்பு 1.6 மடங்கு. ஆலோசகர்கிட்ட அனுப்பற பள்ளிகள்ல அது குறைவு. கணக்குப் போட்டாலே புரியும்: பத்து நாள் வீட்டுக்கு அனுப்பினா, நாளைக்கு ஏழு பீரியட், எழுபது பீரியட் பாடம் போச்சு, பத்து நாளும் கேள்வி கேட்க ஆளில்லை. தண்டனை வேணும்னா பள்ளிக்குள்ளேயே வையுங்க.

இரண்டாம் பீரியட்:

தரவுப்பித்து சொன்ன 72 மணி நேரத்தை அப்படியே குறிப்பில் போட்டுவிட வேண்டாம். அது சராசரிக் கணக்கு. மணிச்சத்தம் சொன்ன விலகல் உச்சமும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் வருகிறது. "மூணு நாள்ல சரியாயிடும்" என்று நம்பி நிறுத்தும் பிள்ளை, மூன்றாம் நாள் இரவு தூங்காமல் கிடந்து "எனக்குச் சரியாகல" என்று திரும்பவும் எடுத்துவிடும். "முதல் வாரம் கஷ்டம், ரெண்டாம் வாரம் பாடம் ஏற ஆரம்பிக்கும்" என்பது பாதுகாப்பான வாக்கியம்.

தேர்வுக் காலத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் கவனக்குறைவு நோய்க்கான (ஏடிஎச்டி) மாத்திரையை நண்பரிடம் வாங்கி எடுப்பதுண்டு. மார்க் குறையாததால் யாரும் சந்தேகிப்பதில்லை. நோய் இல்லாதவருக்கு அது விழிப்பைத் தரும், விடையின் தரத்தைக் கூட்டாது. அந்த இரவு தூக்கம் போய், படித்தது நினைவில் படியாமல் போகும். குறிப்பில் இவர்களுக்கும் ஒரு வரி வையுங்கள்.

தரவுப்பித்து:

திருத்தம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். கரும்பலகை, உங்கள் வாக்கியத்தில் நாள் கணக்கைவிட வாரக் கணக்கே இருக்கட்டும்.

கரும்பலகை:

வரைவு நாளைக்குள் முடித்துவிடுவேன். ஒரே ஒரு சந்தேகம் மிச்சம்: பிள்ளையின் கோப்பில் என்ன எழுத வேண்டும், என்ன எழுதக் கூடாது?

பதின்மநலம்:

கண்டது, கேட்டது, தேதி, நேரம், பீரியட். "2.10க்கு வகுப்புக்கு வந்தார், நடை தள்ளாடியது, பேச்சு குளறியது, செவிலியரிடம் அழைத்துச் சென்றேன்" என்று எழுதலாம். "போதைக்கு அடிமை", "கஞ்சா அடித்திருந்தார்" என்று எழுதக் கூடாது. அது மருத்துவர் சொல்ல வேண்டிய முடிவு, அடுத்த ஆண்டு வரும் ஆசிரியர் அந்த ஒரு சொல்லை வைத்தே பிள்ளையைப் பார்ப்பார். பிள்ளை உங்களை நம்பிச் சொன்னது ஆலோசகரின் தனிக் கோப்பில் இருக்கட்டும், வகுப்புக் கோப்பில் வேண்டாம். திரும்பி வந்த பிறகு நடந்த நல்லவற்றையும் அதே கோப்பில் தேதியோடு எழுதுங்கள்: எந்த நாள் முதல் தாமதம் நின்றது, எந்தத் தேர்வில் கணக்கைக் கடைசிப் படிவரை போட்டார்.